கல்லறைச் சிலுவைகளின் மேல் ஒரு நிலா

நிலவைப் படம் பிடிக்கும் ஆவல், ஒளிப்படக் கலையோடு உடன்பிறந்தது என்றே சொல்லலாம். 1839ஆம் ஆண்டு தாகேரின் முறை பாரிசில் உலகிற்கு அறிவிக்கப்பட்டது. மறு ஆண்டே நியூயார்க் நகரில் ஜான் வில்லியம் டிரேப்பர் என்னும் வேதியியல் பேராசிரியர் நிலவின் உருவை வெள்ளி பூசிய தகட்டில் பதித்துவிட்டார். ஆனால் நிலவைத் தனியே பதிப்பது வேறு. நிலவையும் அதன் கீழே விரியும் மண்ணையும் மலையையும் ஒரே தகட்டில் ஒருசேரப் பதிப்பது வேறு. இந்த இரண்டாவது வேலை ஒரு நூற்றாண்டுக் காலம் கலைஞர்களை அலைக்கழித்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் 'நிலவொளிக் காட்சி' என மக்கள் வியந்து வாங்கிய கடற்காட்சிகள் பலவும் உண்மையில் பட்டப்பகலில் சூரியனை நோக்கி எடுக்கப்பட்டவையே.

காரணம் எளியது. நிலவு விளக்கன்று, வெயிலில் கிடக்கும் ஒரு கரும்பாறை. தன்மேல் விழும் கதிரொளியில் நூற்றுக்குப் பன்னிரண்டு பங்கைத்தான் அது திருப்பி அனுப்புகிறது. ஆயினும் நள்ளிரவில் நம் வயல்கள் இருளில் மூழ்கிக் கிடக்க, அந்தப் பாறையில் மட்டும் நண்பகல் வெயில் காய்கிறது. இருண்ட வயல் பதியுமளவு கேமராவைத் திறந்து வைத்தால் நிலவு வெறும் வெள்ளைப் பொட்டாக வெந்துவிடும். நிலவின் முகம் தெரியுமாறு அளந்து திறந்தால் வயல் கரியாகிவிடும். ஆகவே இரண்டும் ஒரு தகட்டில் இசைந்து நிற்பதற்கு ஒரே ஒரு வேளைதான் உண்டு. முழுநிலவை ஒட்டிய ஓரிரு நாள்களில், மாலைக் கதிரவன் மேற்கே சாயும் சில நிமிடங்களில், ஒரே சூரியன் கிழக்கே எழுந்த நிலவையும் கீழேயுள்ள நிலத்தையும் ஒருங்கே ஒளியூட்டுகிறான். பிறைநிலவும் வெள்ளியும் வியாழனும் நெருங்கி நிற்கும் காட்சிகளை மலைமுகட்டின் மேலோ ஏரிக்கரையின் மேலோ வைத்துப் படமெடுப்போர் அந்தி மயங்கும் அரைமணி நேரத்திற்காகக் காத்திருப்பதும் இதனாலேயே.

இத்தகைய சில நிமிடங்களில் பிறந்த ஒரு படத்தின் வரலாற்றையே இங்கு நாம் கூற விழைகிறோம். அமெரிக்க ஒளிப்படக் கலைஞர் ஆன்செல் ஆடம்ஸ் எடுத்த 'நிலா உதயம், ஹெர்னாண்டஸ், நியூ மெக்சிகோ' என்பதே அப்படம். கலை வரலாற்று நூல்கள் அதனைப் பற்றி நிறையவே எழுதியுள்ளன. ஆனால் அப்படத்தின் நடுவே நிற்பது ஒரு கத்தோலிக்க ஆலயமும் அதன் கல்லறைத் தோட்டமும் என்பதைப் போகிற போக்கில் சொல்லிவிட்டு அவை நகர்ந்துவிடுகின்றன. நாம் அவ்வாறு நகர இயலாது.

முதலில் அந்த மண்ணைப் பற்றிச் சிறிது கூறவேண்டும். நியூ மெக்சிகோவில் 1598ஆம் ஆண்டே இஸ்பானியர் குடியேறினர். பிரான்சிஸ்கன் சபைத் துறவியரும் உடன் வந்தனர். அந்நாட்டின் ஊர்ப்பெயர்களும் மலைப்பெயர்களும் ஒரு மன்றாட்டு மாலை போல் ஒலிக்கும். தலைநகரான சாந்தா ஃபே என்பதன் பொருள் 'புனித விசுவாசம்'. ஹெர்னாண்டஸ் சிற்றூருக்குக் கிழக்கே பனி மூடி நிற்கும் மலைத்தொடரின் பெயர் சங்ரே தே கிறிஸ்தோ, அதாவது 'கிறிஸ்துவின் இரத்தம்'. 1848இல் அப்பகுதி மெக்சிகோவிடமிருந்து அமெரிக்காவின் கைக்கு மாறியது. கொடி மாறிற்று, மொழியும் செபமும் மாறவில்லை. குருக்கள் மிக அரிதாக இருந்த காலத்தில், பொதுநிலையினரான ஏழை விவசாயிகளே தங்களுக்குள் சகோதர சங்கங்களை அமைத்துக்கொண்டு, இறந்தோரை அடக்கம் செய்து, தவக்காலப் பக்தி முயற்சிகளையும் விடாது நடத்தி, விசுவாசத்தைக் காத்தனர். பங்குத்தந்தையர் இல்லாமலே திருச்சபை நிலைத்திருந்த இத்தகைய வரலாறுகளைப் படிக்கும்போது எம்போன்ற பங்குத்தந்தையர்க்குச் சற்று அடக்கம் வரவேண்டும்! சாமா ஆற்றங்கரையில், சாந்தா ஃபேக்கு வடக்கே ஏறத்தாழ 50 கிலோமீட்டரில் உள்ள ஹெர்னாண்டஸ் அத்தகைய ஊர்களுள் ஒன்று. மண்சுவர் வீடுகள் சில. புனித சூசையப்பர் பெயரால் ஒரு சிற்றாலயம். அதன் அருகே வெண்ணிறச் சிலுவைகள்.

1941ஆம் ஆண்டு அமெரிக்க உள்துறை அமைச்சகம், தன் அலுவலகச் சுவர்களை அலங்கரிக்கத் தேசியப் பூங்காக்களின் பெரும் படங்களை எடுத்துத் தருமாறு ஆடம்சை அமர்த்தியது. நாட்கூலி 22 டாலர் 22 சென்ட். அவ்வேலையாகவே அவர் தம் மகன் மைக்கேலையும் செட்ரிக் ரைட் என்னும் நண்பரையும் அழைத்துக்கொண்டு தென்மேற்கு மாநிலங்களில் சுற்றிக்கொண்டிருந்தார். சாமா பள்ளத்தாக்கில் ஒரு நாள் முழுவதும் முயன்றும் மனத்துக்கு நிறைவான படம் ஒன்றும் அமையவில்லை. மாலையில் சாந்தா ஃபேக்குத் திரும்பும் வழியில் இடப்புறம் திரும்பிப் பார்த்தவர் வண்டியைச் சாலையோரத்தில் சரேலென நிறுத்தினார். கீழ்வானில் நிலவு, அதன் கீழே பனிமலையும் நீண்ட மேகப் படலமும், மண்ணில் ஆலயமும் கல்லறைகளும். அவர் முதுகுப்புறம் மேற்கே மறையவிருந்த கதிரவனின் கடைசி ஒளி அந்தச் சிலுவைகளின் மீது பட்டு அவற்றைத் தனித்தனியே எடுத்துக் காட்டிக்கொண்டிருந்தது.

அவர் பயன்படுத்தியது 8 அங்குலத்திற்கு 10 அங்குலம் அளவுள்ள பெரிய பெட்டிக் கேமரா. முக்காலியை நிறுத்தி, லென்சைப் பூட்டி, கறுப்புத் துணிக்குள் தலைபுகுத்திப் பார்த்துப் படமெடுக்க வேண்டும். எல்லாம் ஆயத்தமானது, ஒளியை அளக்கும் மீட்டர் மட்டும் கைக்கு அகப்படவில்லை. தேடிக்கொண்டிருக்க நேரமில்லை. அந்த நெருக்கடியில் அவருக்கு ஓர் எண் நினைவுக்கு வந்தது: நிலவின் ஒளிச்செறிவு சதுர அடிக்கு 250 மெழுகுவத்தி. ஒளியை மெழுகுவத்தியால் அளப்பது அக்காலத்து வழக்கம்.

அந்த ஓர் எண்ணைக் கொண்டு அவர் மனக்கணக்கிட்டார். நிலவு படத்தில் மிகு வெண்மைக்குச் சற்றுக் கீழே, முகம் தெரியுமாறு அமையவேண்டும். அவ்வாறாயின் படத்தின் நடுத்தரச் சாம்பல் நிறத்திற்கு உரியது சதுர அடிக்கு ஏறத்தாழ 60 மெழுகுவத்தி. அவரிடமிருந்த பிலிமின் வேகத்திற்கு அது எஃப் 8 துளையில் ஒரு நொடியில் அறுபதில் ஒரு பங்கு. மஞ்சள் நிற பில்டருக்காக மும்மடங்கு. தொலைவும் அண்மையும் ஒருங்கே தெளிவுற எஃப் 32 என்னும் சிறு துளைக்குச் சுருக்கியதால் அதைப்போல் பதினாறு மடங்கு. கூட்டிக் கழித்தால் ஏறக்குறைய ஒரு நொடி. ஒரு நொடி திறந்து மூடினார். காப்புக்கு இன்னொன்று எடுக்கலாம் எனத் தகட்டுச் சட்டத்தைத் திருப்பிப் பொருத்துவதற்குள் சிலுவைகளை விட்டு வெயில் அகன்றுவிட்டது. உலகில் அக்காட்சிக்கு ஒரே ஒரு நெகடிவ்தான்.

நாம் இதனைச் சற்று விரித்துக் கூறியதற்குக் காரணம் உண்டு. இப்படத்தை அதிர்ஷ்டத்தின் குழந்தை என்று சிலர் எழுதுகின்றனர். மீட்டர் கிடைக்காத அந்த நொடியில் கைகொடுத்தது அதிர்ஷ்டமன்று. பல ஆண்டுகள் பயின்று உள்ளத்தில் ஊறிப்போன படிப்பு.

1943ஆம் ஆண்டிற்கான 'யு.எஸ். கேமரா' ஆண்டுமலரில் எட்வர்ட் ஸ்டைக்கன் இப்படத்தைத் தேர்ந்து வெளியிட்டார். 1944இல் நியூயார்க் நவீனக் கலைக் காட்சியகம் அதைக் காட்சிக்கு வைத்தது. பின்வந்த நாற்பது ஆண்டுகளில் ஆடம்ஸ் தம் கையாலேயே இருட்டறையில் நின்று 1,300க்கும் மேற்பட்ட படிகளை எடுத்தார். 2006ஆம் ஆண்டு அவற்றுள் ஒன்று ஏலத்தில் 6,09,600 டாலருக்கு விலைபோனது. ஏழைகளின் கல்லறைச் சிலுவைகளுக்கு இவ்வளவு விலையா என நம் மனம் சற்றே கசக்கிறது. படத்தை எவ்வளவு உற்று நோக்கினாலும் அச்சிலுவைகளில் ஒரு பெயரையேனும் படிக்க இயலாது.

இனிமேல்தான் வரலாற்றாய்வின் சுவை தொடங்குகிறது. ஒரு நொடியின் பதினாறில் ஒரு பங்கையும் கணக்கிட்ட அந்த மனிதருக்கு, படம் எடுத்த நாள் எதுவென்று தெரியாது! நாள்குறிப்பு எழுதும் பழக்கம் அவரிடம் இல்லை. 1940 என்று ஓரிடத்தில் சொன்னார், 1941 என்றார், 1942, 1944 என்றும் குறித்தார். நொடி நினைவிருந்தது, ஆண்டு மறந்துவிட்டது. அவருடைய நண்பரும் ஒளிப்பட வரலாற்றறிஞருமான பியூமான்ட் நியூஹால் இக்குழப்பம் தாளாமல், கொலராடோ மாநிலத்துப் போல்டர் நகர ஆய்வகமொன்றில் பணியாற்றிய டேவிட் எல்மோர் என்னும் வானியலாரை நாடினார். படத்திலேயே நிலவு இருக்கிறதே, அதுவே தேதியைச் சொல்லாதா என்பது அவர் கேள்வி.

சொல்லும். நிலவின் வளர்நிலை மாதத்தின் நாளைக் காட்டும். மலைகளுக்கு மேலே அது நிற்கும் உயரமும் திசையும் அந்த நாளின் வேளையைக் காட்டும். ஆண்டுக்கு ஆண்டு அதன் பாதை மாறுவதால் ஆண்டும் அகப்பட்டுக்கொள்ளும். 1980ஐ ஒட்டி எல்மோர் தந்த விடை: 1941 அக்டோபர் 31, மாலை 4 மணி 3 நிமிடம். ஆடம்சும் அதை மகிழ்ச்சியோடு ஏற்றார். 1984இல் இறக்கும் வரை அதையே நம்பினார். ஆனால் 'ஸ்கை அண்டு டெலஸ்கோப்' இதழின் டென்னிஸ் டி சிக்கோ ஐயம் கொண்டார். ஊரையும் பழைய சாலையையும் நேரில் ஆராய்ந்து மீண்டும் கணக்கிட்டபோது, அக்டோபர் 31இல் நிலவு படத்திலுள்ள இடத்தில் பொருந்தவில்லை. மறுநாள் பொருந்தியது. 1991இல் அவர் வெளியிட்ட முடிவு: 1941 நவம்பர் 1, மாலை 4 மணி 49 நிமிடம் 20 நொடி. எல்மோரும் தம் கணக்கைத் திருத்திக்கொண்டு இதற்கு உடன்பட்டார். தாம் வெளியிட்ட முடிவைப் பத்தாண்டு கழித்துத் தயங்காமல் திருத்திக்கொள்ளும் அறிஞரின் பண்பு போற்றத்தக்கது. இறையியல் உலகில் அதை அடிக்கடி காண முடிவதில்லை.

ஒரு நாள் வேறுபாடு. வானியலார்க்கு அது கணக்கின் செம்மை. அரசுக் கணக்கர்க்கு அதில் வேறொரு பொருள் இருந்தது: நவம்பர் 1ஆம் நாளுக்கு ஆடம்ஸ் அமைச்சகத்திடம் கூலி கோரவில்லை, ஆகவே படம் அரசுக்கு உரியதன்று, அவருக்கே உரியது என்பது தெளிவாயிற்று. நிலவே ஒருவருக்குச் சாட்சி சொல்லிய வழக்கு இதுவன்றி வேறு இருக்குமோ! ஆனால் நமக்கு? நவம்பர் 1 புனிதர் அனைவர் பெருவிழா. ஒளிபெற்ற அந்தச் சிலுவைகள், திருச்சபை தன் பெயரறியாத புனிதர்களை எல்லாம் ஒருசேர நினைக்கும் நாளில் ஒளிபெற்றிருக்கின்றன. படத்தை எடுத்தவருக்கு அது தெரியாது. நமக்குத் தெரிந்த அளவில், கலை நூல்களும் இதனைப் பெரிதுபடுத்தவில்லை.

நாம் இதைப் புதுமை என்று கூற முன்வரவில்லை. ஆண்டில் 365 மாலைகள் உண்டு. ஏதோ ஒரு மாலையில் படம் எடுக்கப்பட்டுத்தான் ஆகவேண்டும். எனினும் இந்த வரலாறு குருமடத்தில் நாம் விவிலிய வகுப்பில் அமர்ந்து தலையைப் பிய்த்துக்கொண்ட ஒரு கேள்வியை நினைவூட்டுகிறது. ஆண்டவர் இயேசு சிலுவையில் அறையுண்ட நாள் எது? வெள்ளிக்கிழமை என்பதில் நான்கு நற்செய்தியாளரும் ஒன்றுபடுகின்றனர். ஆனால் அன்று யூதரின் மாதக் கணக்கில் எந்த நாள்? மத்தேயு, மாற்கு, லூக்கா மூவரும் இறுதி இராவுணவைப் பாஸ்கா உணவாகவே காட்டுகின்றனர். யோவானோ பாஸ்காவுக்கு ஆயத்த நாளிலேயே ஆண்டவர் இறந்ததாகக் கூறுகிறார். இங்கும் அறிஞர்கள் நிலவையே சாட்சிக்கு அழைத்தனர். யூத மாதம் பிறை தெரிந்து தொடங்குவது. பாஸ்கா முழுநிலவை ஒட்டியது. பிலாத்து ஆளுநராக இருந்தது கி.பி. 26 முதல் 36 வரை. அந்த ஆண்டுகளில் நீசான் மாதம் 14ஆம் நாள் எப்போது வெள்ளிக்கிழமையில் வந்திருக்கும் எனக் கணக்கிட்டு, கி.பி. 30 ஏப்ரல் 7 அல்லது கி.பி. 33 ஏப்ரல் 3 என இரு நாள்களை முன்வைக்கின்றனர். ஐசக் நியூட்டனும் இக்கணக்கில் இறங்கி, கி.பி. 34ஐத் தேர்ந்தவரே.

தேதியில் சான்றோர் முரண்பட்டால் நிகழ்ச்சியே நடக்கவில்லை என வாதிடுவோர் அன்றும் இருந்தனர், இன்றும் உள்ளனர். அவர்கள் ஹெர்னாண்டஸ் படத்தை எண்ணிப் பார்க்கலாம். எடுத்தவர் உயிரோடு இருக்கிறார். நெகடிவ் கையில் இருக்கிறது. ஆயினும் அவர் நான்கு விதமாக ஆண்டு சொல்கிறார். ஆனால் சிலுவைகளை விட்டு வெயில் அகன்றதை அவர் ஒருமுறையும் மாற்றிச் சொல்லவில்லை. கண்ணால் கண்ட சாட்சியின் நினைவு அப்படித்தான் இயங்குகிறது. நாள்காட்டி உதிர்ந்துவிடுகிறது, கண்டது நிற்கிறது. திருச்சபையின் நினைவும் அத்தகையதே என்பது நம் கருத்து.

ஆனால் இதன் மறுபக்கத்தையும் மறைத்தல் நேர்மையாகாது. இன்று நாம் புத்தகங்களில் காணும் படத்தில் வானம் மைபோல் கறுத்திருக்கிறது. முதலில் எடுத்த படிகளில் அது அவ்வாறில்லை. வெளிறிய மாலை வானில் மேகக் கீற்றுகள் பரவியிருந்தன. ஆடம்ஸ் ஆண்டுக்கு ஆண்டு இருட்டறையில் வானத்தை மேன்மேலும் கறுப்பாக்கினார். 1948இல் நெகடிவின் கீழ்ப்பகுதிக்கு மருந்திட்டுச் செறிவூட்டினார். கதிரவன் மறையாத மாலை ஐந்து மணி, படிப்படியாக நள்ளிரவாகிவிட்டது! தலைப்பும் அப்படித்தான்: நிலா உதயம் என்கிறார், படத்தில் நிலவோ மலைகளை விட்டு நன்றாகவே மேலேறி நிற்கிறது. இளமையில் பியானோ பயின்றவராதலால், நெகடிவ் என்பது இசைக்குறிப்பு, அச்சுப்படி என்பது அதை வாசித்துக் காட்டுதல் என அவர் விளக்கம் தருவார். இவ்விளக்கத்தை நாம் பாதிதான் ஏற்கிறோம். மறையுரை ஆற்றுவோர்க்கு இந்தச் சோதனை நன்றாகத் தெரியும். கேட்போர் உள்ளத்தில் தைக்கவேண்டுமென்று ஒவ்வோர் ஆண்டும் வானத்தைச் சற்றுக் கூடுதலாகக் கறுப்பாக்கும் ஆசை நமக்கும் இல்லையா? ஆயினும் நிலவை அவர் ஓர் அங்குலமும் நகர்த்தவில்லை. சிலுவை ஒன்றைக் கூட்டவோ குறைக்கவோ இல்லை. நகர்த்தியிருந்தால் வானியலார் தேதியைக் கண்டிருக்க முடியாது.

பிற்காலத்தில் இக்கலை தலைகீழாகத் திரும்பியது. டெக்சாஸ் மாநிலப் பல்கலைக்கழகத்தின் டொனால்ட் ஓல்சன் தம் மாணவர்களோடு ஆடம்சின் வேறு நிலவுப் படங்களுக்கும் தேதி கண்டார். யோசெமிட்டி பள்ளத்தாக்கின் கிளேசியர் முனையிலிருந்து எடுத்த 'இலையுதிர்கால நிலா' 1948 செப்டம்பர் 15ஆம் நாளுக்கு உரியது எனக் கண்டதோடு, 2005ஆம் ஆண்டு அதே செப்டம்பர் 15 மாலையில் அதே காட்சி திரும்பும் என முன்னறிவித்தார். அன்று ஏறத்தாழ 300 பேர் அம்முனையில் கூடி நிலவுக்காகக் காத்திருந்தனர், நிலவும் வந்தது. இடைவெளி 57 ஆண்டுகள், அதாவது மூன்று பத்தொன்பது. இந்தப் பத்தொன்பது நமக்குப் புதிதன்று. பத்தொன்பது ஆண்டுகளில் நிலவு ஏறத்தாழ அதே நாள்களுக்குத் திரும்பிவிடும் எனக் கி.மு. ஐந்தாம் நூற்றாண்டிலேயே ஏதென்ஸ் நகர மேட்டன் குறித்துச் சென்றார். திருச்சபை உயிர்ப்புப் பெருவிழாவின் நாளைக் கணிப்பதற்கு அடிப்படையாகக் கொண்டது இவ்வட்டத்தையே. ஒளிப்படக்காரர் கூட்டம் மலைமுனையில் நின்று காத்திருந்தது, பழைய குருக்கள் திருவழிபாட்டு நூலின் முன்பக்க அட்டவணையில் பார்த்த அதே எண்ணுக்காகத்தான்.

2020 டிசம்பர் 21 மாலையில் வியாழனும் சனியும் ஒரு பாகையில் பத்தில் ஒரு பங்கு அளவே விலகி நின்றபோது, உலகெங்கும் மக்கள் மலைகளின் மேலும் ஆலயக் கோபுரங்களின் மேலும் அவற்றை வைத்துப் படமெடுத்தனர். இன்ன இடத்தில் நின்றால் இன்ன கோபுரத்தின் மேல் தெரியும் எனக் கணினி முன்கூட்டியே சொல்லிவிடுகிறது. குறை கூறுவதற்கில்லை. ஆனால் சாலையோரம் வண்டியை நிறுத்திப் பதறியவரின் படத்தில் உள்ள ஏதோ ஒன்று இவற்றில் இல்லை என்று நமக்குத் தோன்றுகிறது. அது வயதின் குறையாகவும் இருக்கலாம்.

ஹெர்னாண்டஸ் படத்திற்குத் தேதி கிடைத்தபின் அதை நாம் பார்க்கும் பார்வையும் மாறிவிட்டது. 1941 நவம்பர் 1 என்றால், பேர்ள் துறைமுகத் தாக்குதலுக்கு இன்னும் 36 நாள்கள். நியூ மெக்சிகோவின் பீரங்கிப் படைப்பிரிவு ஒன்று, ஏறத்தாழ 1,800 பேர், அப்போதே பிலிப்பைன்ஸ் போய்ச் சேர்ந்திருந்தது. அவர்களுள் இஸ்பானிய மொழி பேசும் கத்தோலிக்க இளைஞர் மிகப் பலர். போரும் சிறையும் முடிந்து 1945இல் வீடு திரும்பியவர் ஏறக்குறையப் பாதிப்பேரே. ஹெர்னாண்டசிலிருந்து முப்பது கிலோமீட்டருக்குள் அமைந்த லாஸ் அலமோஸ் மேட்டில் 1943இல் அணுகுண்டு ஆய்வுக்கூடம் எழுந்தது. அங்கு உருவான முதல் குண்டு 1945 ஜூலை 16 அதிகாலையில் அதே மாநிலத்தின் தென்பகுதிப் பாலையில் வெடித்தது. அச்சோதனைக்கு அவர்கள் இட்ட பெயர் 'டிரினிட்டி', அதாவது மூவொரு இறைவன் என்னும் நம் மறைபொருளின் பெயர். படத்தில் உள்ள ஊருக்கு இவை ஒன்றும் தெரியாது. தெருவில் ஆளில்லை. மண்வீடுகளின் மேல் மாலை அமைதி.

நம் பங்குகளில் இந்நாளில் என்ன நடக்கும் என்பது வாசகர் அறிந்ததே. நவம்பர் பிறக்குமுன்பே கல்லறைகளுக்குச் சுண்ணாம்பு பூசுவர், புல் செதுக்குவர், பூவும் மெழுகுவத்தியும் வாங்கிவைப்பர். மறுநாள் கல்லறைத் திருநாளுக்கான ஆயத்தம் அது. ஆனால் 1941இல் நவம்பர் 2 ஞாயிற்றுக்கிழமையாக அமைந்தது. அன்றைய திருவழிபாட்டு ஒழுங்கின்படி, இறந்த விசுவாசிகள் நினைவு ஞாயிறன்று கொண்டாடப்படாமல் மறுநாளுக்குத் தள்ளப்படும். ஆகவே அந்த ஆண்டு குருக்கள் கறுப்பு உடையணிந்து இறந்தோருக்காகத் திருப்பலி நிறைவேற்றியது நவம்பர் 3, திங்கட்கிழமை. படத்தில் இரண்டு நாள் குறைவாக நிற்கும் அந்த நிலவு முழுமை பெற்றதும் அதே திங்கட்கிழமை மாலை, ஹெர்னாண்டஸ் நேரப்படி ஏறத்தாழ 7 மணிக்கு.